வெயிலில் இறங்காத மாப்பிள்ளை

கூழாங்குளத்து ஆட்களைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம்பாவிட்டாலும் போகிறது, கேட்டு வையுங்கள்.

அந்த ஊர் ஒச்சப்பனுக்கு வயது ஏறிக்கொண்டே போனது, பெண் மட்டும் அமையவில்லை. கடைசியில் மேலப்பட்டிச் சின்னக்காளை, "பையனை நேர்ல வரச் சொல்லுங்க. எம் மக அங்கம்மாவுக்குப் புடிச்சாப் பேசுவோம்" என்று சொல்லி அனுப்பினார். இதுவும் தட்டிப்போனால் காலம் பூராவும் கஞ்சியைத் தானே காய்ச்ச வேண்டியதுதான் என்று, ஒச்சப்பன் அன்றைக்கே வெள்ளை வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டான்.

"வாய்க்கால் கரையில புதுசாத் தார் ரோடு போட்டிருக்கான்டா. பஸ்ஸுல கசங்காம, காத்தாடச் சைக்கிள்ல போவோம்" என்றான் கூட்டாளி பெத்தணன். மொக்கைச்சாமியும் தொற்றிக்கொண்டான். மூன்று வாடகைச் சைக்கிள் எடுத்தார்கள்.

கடைக்காரர் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஒருத்தர் பின்னாடி ஒருத்தராப் போங்கப்பா. வெயில்ல மட்டும் வண்டிய நிறுத்திராதீங்க, டியூப் வெடிச்சிரும்."

ஒச்சப்பன் முதல் ஆளாக ஏறினான். ஏறிய வேகத்தில் இறங்கினான்.

"என்னடா?"

"எம் பின்னாடி நீ வர்ற. உம் பின்னாடி மொக்கை வர்றான். நான் யாரு பின்னாடிடா போறது?"

நியாயமான கேள்விதானே! ஆள் மாற்றி ஆள் முன்னால் நின்று பார்த்தார்கள். யார் நின்றாலும் அதே சிக்கல். நல்லவேளை, மேலப்பட்டிப் பக்கமாக ஓர் எருமை போனது. அதன் பின்னால் கிளம்பினார்கள்.

அடடா, என்ன சுகம்! வழவழவென்று ரோடு, இருபக்கமும் நாற்று, சட்டைக்குள் புகுந்து ஓடுகிற காற்று. ஒச்சப்பன் சீட்டியே அடித்தான்.

மேலப்பட்டி எல்லையில் எருமை வாய்க்காலுக்குள் இறங்கியது. ஒச்சப்பனும் இறங்கினான், சைக்கிளோடு. மற்ற இருவரும் முறைப்படி பின்னாலேயே விழுந்தார்கள். மறுகரையில் ஏறியபோது வெள்ளை வேட்டியும் எருமையும் ஒரே நிறம்.

பெண் வீட்டு வாசலில் மருந்துக்குக்கூட ஒரு மரமில்லை. உச்சி வெயில். சின்னக்காளை கை கூப்பினார். "வாங்க மாப்பிள்ளை, இறங்குங்க!"

"வெயிலா இருக்கே மாமா!" என்றபடி ஒச்சப்பன் அவரைத் தாண்டிப் போய்விட்டான். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்தான். மறுபடி போனான். மற்ற இருவரும் பின்னாலேயே.

"டேய் பெத்தணா! இப்ப நான் மொக்கை பின்னாடி போறேன்டா!"

"நான் உம் பின்னாடி!"

"நான் பெத்தணன் பின்னாடி!"

கடைக்காரர் சொன்னது ஒருவழியாக நிறைவேறிவிட்டது. ஒச்சப்பனுக்குக் கண்ணே கலங்கிப்போனது.

வாசலில் பெண்ணின் தாய்மாமன் கவனித்துக்கொண்டிருந்தார். "கோயிலச் சுத்துற மாதிரில்ல நம்ம வீட்டச் சுத்துறாரு. மரியாதை தெரிஞ்ச பையன்."

அங்கம்மாள் காப்பி கொண்டுவந்தாள். வரும் சுற்றில் தம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடிப்பதும், அடுத்த சுற்றில் திருப்பிக் கொடுப்பதுமாக ஒச்சப்பன் ஒருவாறாகக் குடித்து முடித்தான்.

"புடிச்சிருக்காத்தா?" என்றார் சின்னக்காளை.

பாழாய்ப்போன நேரம், அப்போது பார்த்தா ஒச்சப்பன் வீட்டுக்குப் பின்பக்கம் போக வேண்டும்! பதில் காதில் விழவில்லை. எழுந்து நின்று மிதித்தான்.

அங்கம்மாள் யோசித்துத்தான் சொன்னாள். "மூஞ்சி சட்டுனு போயிருதுப்பா. முதுகு லட்சணமா இருக்கு."

ஒச்சப்பன் மூச்சிரைக்க முன்வாசலுக்கு வந்தபோது சின்னக்காளை ஓடிவந்து கத்தினார். "முடிஞ்சுபோச்சு மாப்பிள்ளை! ஐப்பசி அடைமழையில முகூர்த்தம். அப்பத்தான் நீங்க இறங்கித் தாலி கட்ட முடியும்!"

"அன்னிக்கும் வெயிலடிச்சா மாமா?"

சின்னக்காளை ஒரு சுற்று முழுக்க யோசித்தார்.

"அடிச்சா அடிக்கட்டும்! பொண்ணக் கேரியர்ல ஏத்தி விடுறோம், ஓட்டிக்கிட்டே கட்டிருங்க. மத்த ரெண்டு முடிச்சுப் போட, நாத்தனாருக்கும் ஒரு சைக்கிள் எடுத்துருங்க!"