முதல் வளைவிலிருந்து கீழே

"மேலே போறது எப்போ, அம்மிணி?" என்று சென்னியப்பன் கேட்டார்.

"இறங்கக் கத்துக்கிட்ட பொறவு," என்றாள் ஜெசிந்தா.

"ஏறவே விடமாட்டேங்கற. அப்புறம் எங்கிருந்து இறங்கறது?"

அவள் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

ஜெசிந்தா மேட்டுப்பாளையத்தில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். சின்ன வயதுக்காரி. சென்னியப்பன் அங்கே உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்தவர். அவளுடைய அப்பாவைவிட மூத்தவர். கிளட்ச்சை மிதித்துக் கியர் மாற்றும் பழைய காரில் பாதி ஆயுளைக் கழித்தவர். முழங்கால் வலி வந்ததும் மகன் தன்னுடைய ஆட்டோமேட்டிக் காரை அவரிடம் விட்டுப் போனான்.

அவர் மனைவி வசந்தாமணி மலைமேல் கோத்தகிரியில் இருந்தாள். மகளின் பிரசவத்துக்குப் போனவள். பேரன் இப்போது நடக்கிறான். அவள் இன்னும் வீடு திரும்பவில்லை.

"பஸ்ல வந்தா வளைவுக்கு வளைவு வாந்தி. வாடகைக் கார்க்காரன் பறக்கறான். நீங்க வண்டி கொண்டாந்தா வர்றேன்," என்று போனில் சொன்னாள்.

அன்றைக்கே கிளம்பிவிட்டார். பாதி மலையில் பனி மூடிக்கொண்டது. திரும்பி இறங்கினார். வழியில் சக்கரங்களிலிருந்து புகை வந்தது. தெரிந்தவர் யாரோ பார்த்துக் கோத்தகிரிக்குச் சொல்லிவிட்டார்.

"முறையாக் கத்துக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் இங்கயே இருந்துக்கறேன்," என்றாள் வசந்தாமணி.

அதனால்தான் அவர் ஜெசிந்தாவிடம் வந்தார்.

தினமும் காலையில் முதல் கொண்டை ஊசி வளைவு வரை ஏறுவார்கள். அங்கே சாலையோரம் அகலமான இடம் இருந்தது. அதற்கு மேல் சாலை மரங்களுக்குள் போய் மறைந்துவிடும். அவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"திருப்புங்க ஐயா," என்பாள் ஜெசிந்தா.

ஆரம்பத்தில் அவருடைய இடது கால் சும்மா இருக்கவில்லை. வண்டியை மெதுவாக்க நினைத்தபோதெல்லாம் கிளட்ச்சைத் தேடிப் போய் பிரேக்கை ஓங்கி மிதித்தது. இருவரும் முன்னால் போய்ப் பின்னால் வந்தார்கள்.

"அந்தக் கால் எதைத் தேடுது?"

"கிளட்ச்சை."

"இல்லாததைத் தேடினா இருக்கறதைத்தான் மிதிக்கும். அதை ஓரமா வெச்சிருங்க. ரெண்டு பெடலுக்கும் வலது கால் ஒண்ணே போதும்."

"பழகிப்போச்சு அம்மிணி. வீட்டுல ஒத்தை ஆளு நான். காலையில இன்னமும் ரெண்டு டம்ளர்தான் எடுத்து வைக்கறேன்."

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். 

இன்னொரு நாள் இறக்கம் தொடங்கியதும் அவர் கை கியரை நியூட்ரலுக்குத் தள்ளப் போனது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இது எதுக்கு?"

"பெட்ரோல் மிச்சம். ஊட்டியிலிருந்து மண்டிக்கு வர்ற கிழங்கு லாரியெல்லாம் நியூட்ரல்லதான் உருண்டு வரும். அவங்ககிட்டக் கத்துக்கிட்டது."

"அன்னிக்குப் புகை வந்தப்பவும் நியூட்ரல்லதான் வந்தீங்களா?"

"ஆமா."

"எல்லா லாரியும் மண்டிக்கு வந்து சேர்ந்துச்சா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சாலைக்குக் கீழே பள்ளத்தில் பாக்குத் தோப்பு தெரிந்தது.

"டிரைவர் குழந்தைவேலோட லாரி வரலை," என்றார் கடைசியில். கை தானாகவே கியரை விட்டது.

அதன் பிறகு ஓட்டும் கியரான டி-யிலேயே இறங்கினார். ஆனால் சரிவு கிடைத்ததும் வண்டி தானாக மேல் கியருக்கு மாறி ஓட்டம் பிடித்தது. அவர் பிரேக்கை மிதித்தபடியே வந்தார். கருகிய வாடை அடித்தது.

"ஓரமா நிறுத்துங்க. கொஞ்ச நேரம் ஆறட்டும்," என்றாள் ஜெசிந்தா. "நீங்க இறங்கி அந்தப் பாலம் வரைக்கும் நடங்க."

"நடக்கறதுக்கா பீஸ் வாங்கற?"

"நடங்க ஐயா."

அவர் முனகிக்கொண்டே நடந்தார். செங்குத்தான இடம். உடம்பைப் பின்னால் சாய்த்து, சின்னச் சின்ன எட்டாக வைத்துப் போய்ச் சேர்ந்தார். அவளும் கூடவே வந்தாள்.

"ஏன் ஓடி வரலை?"

"ஓடினா கால் நிக்குமா? உருண்டுதான் போகணும்."

"அப்போ இவ்வளவு தூரம் உங்களைப் பிடிச்சுக்கிட்டு வந்தது எது?"

சென்னியப்பன் குனிந்து தன் தொடைகளைப் பார்த்தார். பிறகு மேட்டில் நிற்கும் வண்டியைப் பார்த்தார். மூச்சு வாங்க ஏறிப் போனார். உட்கார்ந்து, பிரேக்கில் கால் வைத்து, கியரை மிகக் கீழ்க் கியரான எல்-லுக்கு இழுத்தார்.

வண்டி உறுமியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் ஓடவில்லை. என்ஜினே அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கியது. வளைவு வரும்போது மட்டும் பிரேக்கைத் தொட்டார்.

"என் பழைய வண்டியா இருந்தா?"

"ஏற எந்தக் கியர் வேணுமோ, இறங்கவும் அதே கியர்."

"அட," என்றார் அவர்.

அதற்குப் பின் தவறே நடக்கவில்லை. இடது கால் அசையவில்லை. கை நியூட்ரல் பக்கம் போகவில்லை. வண்டி முழுதாக நின்று, கை பிரேக்கைப் போட்ட பிறகே நிறுத்தும் கியரான பி-க்குத் தள்ளினார்.

"இனி மேலே போலாமா?"

"இல்லை."

"என்ன தப்புன்னு சொல்லு."

"தப்பு ஒண்ணும் இல்லை. வண்டி நல்லாத்தான் இறங்குது. நீங்கதான் இன்னும் இறங்கலை. கண்ணு கண்ணாடியில பின்னாடி மலையையே பாக்குது. சீக்கிரம் கீழே வந்தா மறுபடி ஏறலாம்னு வளைவை அவசரமாத் திருப்பறீங்க."

அவர் ஸ்டியரிங்கைக் குத்தினார்.

"உனக்கென்ன அம்மிணி! சாயங்காலம் வீட்டுக்குப் போனா, ஏன் நேரமாச்சுன்னு கேக்க ஆள் இருக்கு. என்னை எவன் கேக்கறான்? டிவியை அணைச்சா வீடே செத்த மாதிரி கிடக்குது. அவ அங்க தலைவலின்னா மகதான் தைலம் தேய்ச்சு விடறா. நான் இங்க உக்காந்து 'இப்போ எப்படி இருக்கு'ன்னு போன்ல கேக்கறேன். என்னை ஏத்தி விடு. அங்க போய்ச் சேர்ந்தாப் போதும் எனக்கு."

ஜெசிந்தா கதவைத் திறந்து இறங்கினாள். பின் கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

"அங்க ஏன் போறே?"

"முன்னாடி ஆள் வருது."

அவர் சாலையை இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை.

"யாரு?"

"அங்க போய்ச் சேர்ந்தாப் போதும்னீங்களே. அங்கிருந்து யாரைக் கூட்டிட்டு வரப் போறீங்க?"

சென்னியப்பன் பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

பிறகு ஏசியை அணைத்தார். அந்தப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கினார். கியரை எல்-லுக்கு இழுத்தார்.

வண்டி இறங்கத் தொடங்கியது.

வளைவுக்கு வெகுமுன்பே மெதுவாக்கினார். தளும்பும் பாத்திரத்தைத் தூக்கி வருகிறவர்போல் திருப்பினார். கீழே இருந்து ஒரு பஸ் ஏறி வந்தது. ஒதுங்கி நின்று அதற்கு வழி விட்டார். பின்னால் ஒரு வேன் விடாமல் ஹாரன் அடித்தது. அகலமான இடம் வந்ததும் அதையும் முன்னே அனுப்பினார். கண்ணாடியில் மலை தெரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

சமதரை வந்தது. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். கை பிரேக்கைப் போட்டார். பி-க்குத் தள்ளினார்.

இடது பக்கம் திரும்பினார்.

"வசந்தா, தலை சுத்துதா?"

கேட்ட பிறகுதான் தன் குரல் அவருக்கே கேட்டது. காது மடல் சூடேறியது. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பின்சீட்டுக் கதவு திறந்தது. ஜெசிந்தா இறங்கி, சத்தம் வராமல் அதை மூடினாள்.

"மேலே போங்க ஐயா," என்றாள்.