தேன் எடுத்த வழக்கு

“மூணு தலைமுறையா இந்தக் காட்டுல இருக்கோம்னு எழுதிட்டா ஆச்சா? அத்தாட்சி எங்கே?” என்று ரேஞ்சர் குணசீலன் வெள்ளத்தாயின் மனுவை மேசைமேல் வீசினார்.

அத்தாட்சி இல்லையென்றால் மலைக்குடிசையும் தேன் எடுக்கும் உரிமையும் அவளுக்கு இல்லை. விசாரிக்க வந்திருந்த சப் கலெக்டர் அம்மாள் அவளைப் பார்த்தார்.

“எங்க வீட்டுல காகிதம் ஏதுங்கய்யா? மழைக்குக் கூரையே தங்கறதில்ல” என்றாள் வெள்ளத்தாய். “போன வாரம் எங்களைப் பரம்பரைத் திருடங்கன்னீங்களே, அது சும்மா கோவத்துல சொன்னதுதானே?”

ரேஞ்சருக்குச் சுருக்கென்றது. “சும்மாவா? நீ, உங்கப்பன், உன் தாத்தன், மூணு பேர் மேலயும் இதே காட்டுல தேன் எடுத்த கேஸ் இருக்கு. தாத்தன் கேஸ் வெள்ளைக்காரன் காலத்துது. எல்லாம் எங்க ரெஜிஸ்தர்ல பத்திரமா இருக்கு!”

“அதை அம்மாகிட்டக் காட்டுங்கய்யா. நாங்க எப்ப இருந்து இங்க இருக்கோம்னு அவங்களுக்குத் தெரியட்டும்.”

சப் கலெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார். “அரசாங்கப் பதிவேட்டைவிட நல்ல அத்தாட்சி எது, ரேஞ்சர்? எடுத்து வரச் சொல்லுங்க.”

வாசலில் நின்ற வனக்காவலர், ரேஞ்சரின் உத்தரவுக்குக் காத்திராமல் உள்ளே போய்ப் பழைய பதிவேட்டைத் தூக்கி வந்தார். தன் தொப்பியால் அதன் தூசியைத் தட்டி, வெள்ளத்தாய் பக்கமாகத் திருப்பி வைத்தார்.