குரல் உடையும் இடம்

"'அந்த ரேடியோவ அமத்துங்க. என் தம்பி வந்தா அவனப் பாடச் சொல்லுங்க'ன்னா, டீச்சர். பாடிட்டிருந்தது நான்தான்."

ஜெசிந்தா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"யாரு சொன்னது?"

"அக்கா."

அவனுக்கு ஊரில் வைத்த பெயர் சுடலைமுத்து. நாடு அறிந்த பெயர் ஆரிஷ். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் இசை நிறுவனம் அவனைத் தேர்ந்தெடுத்து, குரலைச் சரிசெய்ய ஜெசிந்தாவிடம் அனுப்பியது. அவனைவிட நான்கு வயது இளையவள். அன்றிலிருந்து அவனுக்கு அவள் டீச்சர்.

"அக்காவுக்கு எப்படி இருக்கு?"

"சர்க்கரை கண்ண எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப கிட்னி. இந்த வாரம் தாண்டாதுங்கிறார் டாக்டர்."

"என்ன பாடினீங்க?"

"தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கும்போது அவ பாடுவா. பக்கத்துல உக்காந்து நானும் பாடுவேன். அந்தப் பாட்டு."

ஜெசிந்தா அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"'நான்தான்க்கா'ன்னேன். கையத் தடவிப் பாத்தா. 'கை அவன் கைதான். அவனப் பாடச் சொல்லுங்க'ன்னா."

தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

"இத எடுத்துடுங்க டீச்சர். நீங்கதானே போட்டீங்க."

அவள் மறுக்கவில்லை.

முதல் பாட்டைப் பதிவு செய்த நாளில் அவனுக்குக் காய்ச்சல். நான்காவது வரியில் குரல் உடைந்தது. இன்னொரு முறை பாடுகிறேன் என்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் வேண்டாம் என்று கையசைத்தார். அந்த ஆண்டு எல்லாப் பேருந்துகளிலும் அந்த உடைந்த வரிதான் ஓடியது.

இரண்டாவது பாட்டுக்கு அவன் உடம்பு தேறி வந்தான்.

"என்னம்மா இது, குரல் நல்லா இருக்கு?" என்று நிறுவனத்தார் பதறிப்போய் ஜெசிந்தாவுக்குப் போன் செய்தார்கள்.

பதிவுக்கு முன் ஐஸ் கட்டி. விடியற்காலையில் தலையணையில் முகம் புதைத்து ஒரு மணி நேரம் கத்தல். எந்த எழுத்தில் உடைய வேண்டும், எவ்வளவு உடைய வேண்டும் என்று அவள்தான் பழக்கினாள். மேடையில் தற்செயலாக நன்றாகப் பாடிவிடக் கூடாது என்பதற்காக, பதிவு ஓடும். அவன் வாயசைப்பான்.

"போட்டது நான்தான்," என்றாள். "எடுக்க எனக்குத் தெரியாது."

பக்கத்து அறையில் பிள்ளைகளுக்கு வகுப்பு. பதினொரு பேர் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய பாட்டு இல்லை. நான்காவது வரியில் பதினொரு குரலும் ஒரே இடத்தில் உடைந்தன.

"இதையா சொல்லிக்குடுக்கிறீங்க?"

"நேராப் பாடத்தான் சொல்லிக்குடுக்கிறேன். வீட்டுக்குப் போய்த் திருத்திட்டு வர்றாங்க."

"கண்டிக்கலாமே."

"கீழ் வீட்ல ஒரு பொண்ணு தொட்டில் ஆட்டுறா. அவளும் அங்கதான் உடைக்கிறா. போய்க் கண்டிங்க."

அவன் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"டீச்சர், எனக்கு ஊரப் பத்திக் கவலை இல்ல. ஒரு பாட்டு. அவ காது கேக்குற வரைக்கும் ஒரே ஒரு தடவ."

ஜெசிந்தா எழுந்து போய்க் கணினியைத் திறந்தாள்.

"முதல்ல வேலைய முடிங்க. டிவி போட்டிக்கு அஞ்சு குரல் வந்திருக்கு. நடுவர் நீங்கதான். ஒண்ண நீக்கணும்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

போட்டியில் ஒரு வழக்கம் இருந்தது. பெயர் கிடையாது, முகம் கிடையாது, சொல் கிடையாது. எல்லோருக்கும் ஒரே மெட்டு, வெறும் 'தன்னானே'. இருபது வினாடி. நிறுவனம் அவனைத் தேர்ந்தெடுத்ததும் அப்படித்தான்.

முதல் குரல். கடைசியில் உடைந்தது. தலையாட்டினான்.

இரண்டாவது. உடைந்தது. "பரவால்ல."

மூன்றாவது உடையாமல் போய் முடிந்தது.

"இது வேண்டாம்," என்றான்.

"ஏன்?"

"சுருதி நிக்குது. ஆனா உள்ள ஆளே இல்ல. தூக்கிருங்க."

"இன்னொரு தடவ கேக்கறீங்களா?"

"எதுக்கு? வெறும் தொண்டை. அடுத்தத போடுங்க."

அவள் அடுத்ததைப் போடவில்லை. மூன்றாவதையும் நிறுத்தவில்லை. அது ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி நகரும் சத்தம். யாரோ இருமினார். பிறகு ஓர் இளைஞனின் பேச்சு.

"சார், எங்க அக்கா வெளிய நிக்கா. அவளும் உள்ள வரட்டுமா? அவ இல்லாம எனக்குப் பாட்டு எடுக்க வராது."

"நீ மட்டும் பாடுப்பா. உனக்குப் பிடிச்சதப் பாடு."

பிறகு தீப்பெட்டி ஆபீஸ் பாட்டு.

சுடலைமுத்து கணினியைப் பார்த்தான். ஜெசிந்தாவைப் பார்த்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்த திரையில் பதினான்கு ஆண்டுகளுக்கு முந்தைய தேதி இருந்தது.

பாட்டு முடிந்தது. அவன் எழுந்து நின்று தொண்டையைச் செருமினான். அதே பாட்டை அதே சுருதியில் எடுத்தான். நான்காவது வரியில் உடைந்தது.

மறுபடி எடுத்தான். உடைந்தது.

மெதுவாகப் பாடினான். கண்ணை மூடிப் பாடினான். உட்கார்ந்து, குச்சி அடுக்குவதுபோல விரல்களை வைத்துக்கொண்டு பாடினான். ஒன்பதாவது முறை உடைந்தபோது பக்கத்து அறைப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். கைதட்டினார்கள்.

"சார், இது புதுப் பாட்டா?" என்றது ஒரு பெண் குழந்தை. "எப்ப வரும்?"

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஜெசிந்தாவிடம் நீட்டினான்.

"அந்த மூணாவத இதுல ஏத்திக் குடுங்க."

ஏற்றிக் கொடுத்தாள்.

மருத்துவமனை அறையில் அக்கா முத்துப்பேச்சி கண்களை மூடிப் படுத்திருந்தாள். கருவிகளின் சத்தம் தவிர வேறு ஒன்றும் இல்லை. அவன் போனை அவள் காதருகே வைத்தான். 'தன்னானே' முடிந்து, பேச்சு முடிந்து, பாட்டு வரும் இடத்தில் தொடங்கினான்.

முதல் வரியில் அவள் நெற்றி சுருங்கியது. இரண்டாவது வரியில் அவள் விரல்கள் போர்வையின் மேல் குச்சி அடுக்கத் தொடங்கின.

"வந்துட்டியாலே," என்றாள்.

நர்ஸ் உள்ளே வந்து மருந்துப் பையை மாற்றிவிட்டுப் போனாள்.

நான்காவது வரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. கட்டிலருகே நின்று அவன் வாயசைத்தான்.