பிலோமினாள் என்ற பெயரில் வந்தது

ஆஸ்பத்திரிகள் கைகழுவியவர்களை வைத்துப் பார்க்கும் கன்னியர் இல்லம் ஒன்று திண்டுக்கல்லுக்கு வெளியே இருந்தது. பன்னிரண்டு கட்டில்கள். கோடியில் ஒரு சின்ன அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், இரண்டு நாற்காலிகள்.

சாகப் போகிறவர்கள் அந்த அறையில் உட்கார்ந்து பேசுவார்கள். பிள்ளைக்கு, புருஷனுக்கு, பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பிக்கு. எந்தத் தேதியில் கொடுக்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். வீட்டாருக்கு ஒரு மஞ்சள் சீட்டு. தேதியன்று சீட்டோடு வந்தால் குரல் கிடைக்கும். ஒரு நாள் முந்தி வந்து கெஞ்சினாலும் கிடைக்காது. உயிரோடு இருந்தபோது உட்கார்ந்து கேட்க நேரமில்லாதவர்கள்தான் அதிகம் கெஞ்சினார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் சூசைமாணிக்கம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து நாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஏழாம் கட்டிலில் அவர் மனைவி பிலோமினாள் கிடந்தாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் மைக்கைப் பிடிக்க வந்தவர், அவள் போன பிறகும் வந்துகொண்டிருந்தார். வீட்டில் போய் எந்தச் சுவரைப் பார்க்க?

அவருக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தவள் ஜெரினா. டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவள். வயது முப்பத்திரண்டு, அவர் மகளைவிட ஒன்று குறைவு. அவளை அவர் "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார். முதலில் கேலியாக. மூன்றாவது வகுப்போடு கேலி போய்விட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை மெஷினைத் திறந்தால், எந்தக் குரலும் திறக்கவில்லை. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. உங்கள் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன, சாவி வேண்டுமென்றால் பணம் அனுப்பு என்று முகம் தெரியாத ஒருவன் எழுதியிருந்தான்.

ஜெரினா வந்தாள். வயர்களைப் பிடுங்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னிக்கு வந்துச்சா டீச்சர்?"

"இன்னிக்குக் காட்டிக்கிடுச்சு. வந்து நாப்பத்தோரு நாள் ஆச்சு."

"எப்படி?"

"மெயில்ல. மருந்துப் பட்டியல்னு பேரு போட்டு."

"நாப்பத்தோரு நாளா என்ன பண்ணுச்சு உள்ள?"

"கத்துக்கிச்சு. யாரு எப்ப வர்றீங்க, எதை எங்க வைக்கிறீங்க, எதைச் செருகுறீங்கன்னு. செருகினதுல எல்லாம் தானும் ஏறிக்கிச்சு."

சூசைமாணிக்கம் மெஷினில் செருகியபடியே கிடந்த டிஸ்கைப் பார்த்தார். தினமும் மாலை பிரதி எடுத்ததும் டிஸ்கைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லியிருந்தாள் அவள். குனிந்தால் முட்டி வலிக்கிறது என்று அவர் அதைக் கழற்றாமலே விட்டிருந்தார். மெஷினோடு அதுவும் பூட்டிக்கொண்டது. தப்பித்தது ஜெரினா தன் வீட்டில் வைத்திருந்த இன்னொரு டிஸ்க் மட்டும். அது இரண்டு மாசப் பழசு.

அந்த இரண்டு மாசத்தில் பேசினவர்கள் ஒன்பது பேர். ஆறு பேர் செத்துப்போயிருந்தார்கள். அதில் ஒருத்தி பிலோமினாள்.

"முட்டி எப்படி இருக்கு சார்?" என்றாள் ஜெரினா. அதற்கு மேல் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

மெஷினையும் அந்த டிஸ்கையும் சுத்தமாகத் துடைத்துத் தன் வீட்டு டிஸ்கிலிருந்து நிரப்பினாள். பிறகு ஒரு பிஸ்கட் டின்னை மேசைமேல் வைத்தாள். இந்தக் கட்டிடத்தில் இருக்கிற பென்டிரைவ் எல்லாம் இதற்குள் வரவேண்டும், ஒன்றுகூட வெளியே நிற்கக் கூடாது என்றாள். இல்லத் தலைவி மதர் இரண்டு போட்டார். ஆபீஸ் சிஸ்டர் ஐந்து போட்டார். சூசைமாணிக்கம் மூன்று போட்டார்.

அவரிடம் நாலு இருந்தன.

நாலாவது அவர் சட்டைப் பையில், செபமாலை டப்பிக்குள் இருந்தது. பிலோமினாள் பேசிய அன்று மாலை, அவளுடைய ஏழு நிமிஷத்தை யாருக்கும் தெரியாமல் அதில் எடுத்திருந்தார். கேட்பதற்கு இல்லை. தான் செத்து ஒரு வருஷம் கழித்துக் கேளுங்கள் என்று அவள் தேதி போட்டிருந்தாள். அவள் பேசியபோது அறையில் ஹெட்போனோடு இருந்ததுகூட ஆபீஸ் சிஸ்டர்தான், அவர் கேட்கவில்லை. தொட்டுப் பார்க்க ஏதாவது வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

உயிரோடு இருந்த மூன்று பேரையும் மறுபடி பேசவைத்தார்கள். அவர்களில் ஒருத்தி சகாயராணி. இருபத்தொன்பது வயது. தொண்டையில் கட்டி. ஆக்னஸ் என்று நாலு வயதில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய பதினாறாவது பிறந்தநாளுக்கு என்று போன மாசமே பேசியாகிவிட்டது. மஞ்சள் சீட்டும் வீட்டுக்குப் போய்விட்டது.

"மறுபடியுமா ஐயா?" என்றாள் சகாயராணி. குரல் காற்றாகத்தான் வந்தது. "போன தடவை நல்லா பேசினேன். இப்ப தகர டப்பாவைத் தேய்க்கிற மாதிரி இருக்கு."

"பரவாயில்லம்மா. மெதுவா."

"பதினாறு வயசுல எந்தப் பொண்ணு அம்மா பேச்சைக் கேக்கும்? செத்தவ பேச்சுன்னாலாவது கேக்குதான்னு பாப்போம்."

பதினோரு நிமிஷம் பேச அவளுக்கு இரண்டு நாள் ஆனது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கைப் பிடித்தபடி, ஒரு சொல் விடாமல் சூசைமாணிக்கம் கேட்டார். பதிவாகிறதா என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, அதுதான் அந்த அறையின் சட்டம். கடைசியில் அவள் பாடினாள். பிள்ளையைத் தூங்கவைக்க அவளே கட்டிய பாட்டு. குழந்தையின் பெயரையும் வீட்டுப் பூனையின் பெயரையும் மாற்றி மாற்றிப் போட்ட பாட்டு. மூன்றாவது வரியில் குரல் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு நாலாவது வரியிலிருந்து பாடினாள்.

அவளைக் கட்டிலில் விட்டுவிட்டு அவர் திரும்பி வந்தபோது மணி நாலு. மெஷின் சுத்தமாக, திறந்து கிடந்தது. ஒன்பது பேரில் மூன்று பேர் திரும்பி வந்துவிட்டார்கள். செத்த ஆறு பேருக்கும் அதில் இடமில்லை, பிலோமினாளுக்கும் இல்லை.

அவளையும் அவர்களோடு வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. வைத்துவிட்டு, பென்டிரைவைக் கொண்டுபோய் டின்னில் போட்டுவிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்?

டப்பியைத் திறந்து எடுத்துச் செருகினார். திரையில் ஒரே ஒரு பெயர் வந்தது. பிலோமினாள். அழுத்தினார்.

இதை நம்புகிறீர்களா என்று மெஷின் ஒரு கட்டம் போட்டுக் கேட்டது. ஜெரினா புதிதாக வைத்துவிட்டுப் போன காவல். முப்பத்தேழு வருஷம் குடித்தனம் நடத்தியவளை நம்புகிறாயா என்று நேற்று வந்த பெட்டி கேட்கிறது. சூசைமாணிக்கத்துக்குக் கோபம்கூட வந்தது. ஆம் என்று அழுத்தினார்.

பிலோமினாள் இருமினாள். தொண்டையைச் செருமினாள். "என்னங்க" என்றாள். அவர் பதறி நிறுத்திவிட்டார். தேதி இன்னும் வரவில்லை.

வேறொன்றும் ஆகவில்லை. அவளைத் தூக்கி அவள் இடத்தில் வைத்தார். ஐந்தரை மணிக்கு, முட்டி வலியைப் பார்க்காமல் குனிந்து, டீச்சர் சொன்னது சொன்னபடி டிஸ்கை எடுத்துவந்து செருகினார், சகாயராணியைப் பிரதி எடுக்க. எடுத்து முடித்ததும் கழற்றிப் பூட்டிவிட வேண்டும். இந்த முறை மறக்கக் கூடாது.

திரை சிவந்தது. இந்த முறை அது நாற்பத்தோரு நாள் காத்திருக்கவில்லை.

மறுநாள் காலை ஜெரினா வந்தபோது சகாயராணிக்குத் தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள். மூச்சுக்கு அதுதான் வழி. பேச்சு இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

யார் என்ன செருகியது என்று ஜெரினா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். டப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இருக்கும்னு தெரியும்," என்றாள். "நாலு வாங்கிக் குடுத்தது நான்தானே."

"கேட்டிருக்கலாமே டீச்சர்."

"குடுத்திருப்பீங்களா?"

அவர் டப்பியை அவள் பக்கம் தள்ளினார்.

தன் பையிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்தாள். எதனோடும் தொடர்பில்லாதது, இந்த மாதிரி வேலைக்கென்றே வைத்திருப்பது. பென்டிரைவைச் செருகி, மறைந்திருப்பதையும் காட்டும்படி ஏதோ தட்டிவிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

இரண்டு இருந்தன. இரண்டின் பெயரும் பிலோமினாள். ஒன்று பளிச்சென்று இருந்தது. இன்னொன்று சாயம் போனதுபோல் மங்கலாக இருந்தது.

"எது உங்க வீட்டம்மா?"

சூசைமாணிக்கம் பளிச்சென்று இருந்ததைத் தொட்டார்.

"அதோட எடையைப் பாருங்க. ஏழு நிமிஷப் பேச்சு இவ்வளவு சின்னதாவா இருக்கும்?"

"அவ பேசினாளே. நான் கேட்டேன். இருமினா."

"பேசினது அந்த மங்கலா இருக்கிறவங்க. அவங்களை ஒளிச்சு வச்சுட்டு, அவங்க பேரை எழுதி இது வாசல்ல நின்னுச்சு. நீங்க தொட்டதும் அவங்களைக் கூப்பிட்டு உங்ககிட்ட பேச விட்டுச்சு. நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க. இது உள்ள போயிடுச்சு."

சூசைமாணிக்கம் திரையிலிருந்து விரலை எடுத்தார். "வேற பேர்ல வந்திருந்தா தொட்டே இருக்க மாட்டேன்."

"அது அதுக்குத் தெரியும்."

"அப்ப எதைத்தான் நம்புறது டீச்சர்?"

"முதல்ல சகாயராணிகிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க."

போனார். நின்றபடியே சொன்னார். முட்டி, டிஸ்க், டப்பி, பிலோமினாள், ஆம் என்று அழுத்தியது, எல்லாம். சகாயராணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதக் காகிதம் வேண்டும் என்று கை காட்டினாள். பென்சில் இரண்டு தரம் நழுவியது. கோணலாக ஒரே ஒரு வார்த்தை எழுதினாள்.

பாட்டு?

"அதுவும்தாம்மா," என்றார்.

காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு யார் கொடுத்தும் பென்சிலை வாங்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் போய்விட்டாள். அடக்கத்துக்கு ஆக்னஸைத் தூக்கி வந்திருந்தார்கள். சூசைமாணிக்கத்தைப் பார்த்து, பூனை வீட்டில் இருக்கிறது என்று அவள் சொன்னாள்.

சனிக்கிழமை ஜெரினா வந்தாள். மெஷின் மறுபடி சுத்தமாகியிருந்தது. மற்ற இரண்டு பேரும் மூன்றாம் முறை பேசிக் கொடுத்திருந்தார்கள். பிலோமினாளை மட்டும் பிரித்தெடுத்துக் கழுவி அவள் இடத்தில் வைத்திருந்தாள்.

"அழிச்சிடுங்க டீச்சர்," என்றார் சூசைமாணிக்கம். "எனக்கு வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு இல்லாதது எனக்கு எதுக்கு?"

"அழிச்சா அந்தப் பிள்ளைக்குக் கிடைச்சிடுமா?"

"இல்ல."

"அப்ப இருக்கட்டும். தேதி வர்ற அன்னிக்கு உக்காந்து முழுசா கேளுங்க. அவங்க உங்களுக்கு ஒண்ணும் கெடுதல் பண்ணலையே."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சீட்டு ஆக்னஸ் வீட்ல இருக்கு டீச்சர். பன்னெண்டு வருஷம் கழிச்சு அதை எடுத்துக்கிட்டு இந்த வாசல்ல வந்து நிக்கும். என்னன்னு சொல்றது?"

ஜெரினா மேசைப் பக்கம் போனாள். மைக்கை எடுத்து, வயரைச் சிக்கெடுத்து, மெஷினில் மாட்டினாள்.

"ரெண்டு தடவையும் ஹெட்போன் போட்டிருந்தது யாரு சார்?"

"நான்தான்."

"வேற யாராவது கேட்டாங்களா?"

"இல்ல. கேட்டதை வெளிய சொல்லக் கூடாதுன்னு சட்டம்."

"மதர்கிட்ட பேசிட்டேன். இது ஒண்ணுக்குச் சொல்லலாம்னுட்டாங்க. எல்லாம் ஞாபகம் இருக்கா?"

"பாட்டுகூட இருக்கு. மூணாவது வரியில நிறுத்தினது வரைக்கும்."

"அப்ப மிச்சம் இருக்கிற பிரதி நீங்க ஒருத்தர்தான். உக்காருங்க."

பேசுபவர்களின் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். இத்தனை நாளில் அதில் உட்கார்ந்ததில்லை. எதிர் நாற்காலியில் ஜெரினா ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

சூசைமாணிக்கம் தொண்டையைச் செருமினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆக்னஸ் கண்ணு," என்று ஆரம்பித்தார். "அம்மா பேசுறேன்னு நினைச்சுக்க—"

ஜெரினா பதிவை நிறுத்தினாள். பேசிய அந்த ஒரு வரியை அழித்தாள். பிறகு மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

"முதல்ல உங்க பேரைச் சொல்லுங்க சார்," என்றாள். "அப்புறம், நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க. அதுக்கு மேல கேக்கிறதா வேண்டாமான்னு அந்தப் பிள்ளை முடிவு பண்ணட்டும்."

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதல் நாலு நிமிஷம் அதில் எதுவும் பதிவாகவில்லை.