ஆட்காட்டிக் குஞ்சு ஏன் அசைவதில்லை

அந்தக் காலத்தில், உயிர்களெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, எங்கே தண்ணீர், எங்கே ஆபத்து என்ற சேதி வாய்க்கு வாய் போயிற்று. கேட்பவர் முகத்தைப் பார்த்த பிறகே சொல்வார்கள். அதுதான் காட்டின் வழக்கம்.

ஒரு கொடிய கோடையில், பொட்டலில் தனியாக நின்ற பனை பேசியது. "ஏன் அலைகிறீர்கள்? சேதியை என்னிடம் சொல்லுங்கள். ஓலையில் சேர்த்துக் காத்து, கேட்டவருக்குச் சொன்னவர் குரலிலேயே கொடுப்பேன். கூலி வேண்டாம்."

கூலி வேண்டாம் என்பவனிடம்தான் அதிகம் கேள்வி கேட்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. தன் இருப்பிடத்தைப் பனையிடம் சொல்லாதவருக்குத் தண்ணீர்ச் சேதி கிடையாது என்று உடும்பின் தலைமையில் தீர்மானமே போட்டார்கள்.

கேட்பது யாரென்று பனைக்கு எப்படித் தெரியும் என்றது ஆட்காட்டிப் பறவை.

"உனக்கு எதிலும் சந்தேகம்தான் அக்கா. போய் வெயிலில் கத்து," என்றது முயல். கூட்டம் சிரித்தது.

ஆட்காட்டியின் குஞ்சுகள் இரண்டும் கல்லிடுக்கில் தாகத்தால் துவண்டு கிடந்தன. வேறு வழியில்லாமல் தாய் அந்த இடத்தைப் பனையிடம் சொன்னது. தான் வரத் தாமதமானால் பனையே அவற்றை நிழலுக்குக் கூப்பிடட்டும் என்று தன் குரலில் ஓர் அழைப்பையும் விட்டுவிட்டு, சேதி கிடைத்த தண்ணீரை நோக்கிப் பறந்தது.

மாலையில் காட்டுப்பூனை பனையடிக்கு வந்தது. ஆட்காட்டியின் குஞ்சுகளைக் கூப்பிடு என்றது. பனைக்கு முகம் பார்க்கத் தெரியாது.

காற்றே இல்லை. ஓலைகள் மட்டும் அசைந்தன.

"வாங்க கண்ணுகளா, அம்மா வந்துட்டேன்."

மூத்த குஞ்சு எழுந்து குரலை நோக்கி நடந்தது. இளையது கால் சோர்ந்து பின்தங்கியது, நடந்ததைப் பார்த்தது. பூனை தின்றுவிட்டுப் போன பிறகும் அந்தக் குரல் அதே கனிவோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

வயிற்று இறகுகளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு தாய் திரும்பியது. "வா கண்ணு, அம்மா வந்துட்டேன்."

குஞ்சு கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டது.

"நான்தான்டா," என்று தாய் சுற்றிச் சுற்றிக் கதறியது.

"நான்தான்டா," என்றது பனையும், அதே குரலில்.

இறகில் இருந்த தண்ணீர் சொட்டிச் சொட்டி மண்ணில் காய்ந்தது.

அன்று முதல்தான் காற்றில்லாத வேளையிலும் பனையோலை சலசலக்கிறது. ஆட்காட்டி எந்தச் சேதியையும் யாரிடமும் கொடுத்து வைக்காமல் ஊரறியக் கத்துகிறது. அந்தக் குரலைக் கேட்டால் காடே ஓடும். அதன் குஞ்சு மட்டும் அசையாமல் கிடக்கும்.