இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

“பக்கத்துல உக்காந்துட்டு வாயே திறக்கக் கூடாதுன்னா எப்படிங்க மேடம்?”

மாசிலாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய ஆசிரியை செண்பகவல்லிக்கு முப்பத்தைந்து. கம்ப்யூட்டருக்கான மொழியை உருவாக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று, இருந்த வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் அவளிடம் வந்து சேர்ந்த மனிதர்.

“இங்க வழக்கம் அதுதானுங்ணா. புதுசா எதைச் செஞ்சாலும், முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்டக் கொடுத்துட்டு, செஞ்சவர் பக்கத்துல உக்காரணும். அரை மணி நேரத்துல அவங்க ப்ரோக்ராம் பிழையில்லாம கம்பைல் ஆயிட்டா, மொழியில சேர்த்துக்குவோம்.”

“நான் பேசிட்டா?”

“சேராது.”

“அடுத்த வெளியீட்டுல?”

“அதுக்கு மூணு வருஷம் ஆகுமுங்ணா.”

அவர் செய்தது மேக்ரோ. எழுதுகிறவர் ஒரு வரி எழுதினால் போதும், ப்ரோக்ராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றுகிற கம்பைலர் அதை நூற்றுக்கணக்கான வரிகளாக விரித்துக்கொள்ளும். இரண்டு வருஷம் அதிலேயே கிடந்தார். டீ கொண்டுவருகிறவரைக்கூட நிறுத்தி வைத்து விளக்கியிருக்கிறார். அவரும் பாவம், தலையாட்டியிருக்கிறார்.

திலகவதி வந்து உட்கார்ந்தாள். ஸ்பின்னிங் மில்லில் ப்ரோக்ராம் எழுதுகிறவள். நூல் அறுந்தால் எந்திரம் நிற்க வேண்டும், அதைத்தான் எழுதினாள். மொத்தம் ஏழு வரி. அதில் நான்காவது வரி மாசிலாமணியின் மேக்ரோ.

அந்த வரியில், மூன்று வினாடியில் நிற்க வேண்டும் என்பதற்கு மூன்றை மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டாள். எண் எழுத்தாகிவிட்டது. யாரும் செய்கிற தவறுதான்.

மாசிலாமணி பார்த்துவிட்டார். வாயை மூடிக்கொண்டார்.

அவள் கம்பைல் செய்தாள். திரையில் சிவப்பாக வந்தது.

‘வரி 212: தற்காலிகம்_7 எண் அல்ல.’

திலகவதி மேலே போனாள், கீழே வந்தாள். விரல் வைத்து எண்ணினாள்.

“ஏழு வரிதானே இருக்கு,” என்றாள்.

செண்பகவல்லி ஜன்னலோரம் கைகட்டி நின்றாள்.

“தற்காலிகம்னு நான் எதுவுமே எழுதலையே சார்?”

மாசிலாமணி சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகினார்.

அவள் முதல் வரியை மாற்றினாள். இருநூற்றுப் பன்னிரண்டு. இரண்டாவதை மாற்றினாள். இருநூற்றுப் பன்னிரண்டு. நன்றாக இருந்த வரிகளெல்லாம் கெட்டன.

“எனக்குத்தான் புரியல போல. மில்லுல நான்தான் நல்லா எழுதுவேன்னு அனுப்பிச்சாங்க.” குரல் இறங்கிவிட்டது.

இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது.

திலகவதி மாற்றியதையெல்லாம் பழையபடி ஆக்கினாள். பிறகு ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்தாள். நான்காவது வரியை எடுத்ததும் சிவப்பு போயிற்று.

“போயிடுச்சு.” முகம் தெளிந்தது. “இதுதான் இடைஞ்சல் பண்ணியிருக்கு. இது இல்லாமலே கம்பைல் ஆகுது. இப்படியே மில்லுக்கு அனுப்பிடட்டுமா சார்?”

எந்திரத்தை நிறுத்தும் வரி அதுதான். அது இல்லாவிட்டால் நூல் அறுந்தாலும் எந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

மாசிலாமணி செண்பகவல்லியைப் பார்த்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு நிமிடம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், மேக்ரோ மொழியில் சேர்ந்துவிடும். வழக்கம் அப்படித்தான் சொல்கிறது.

திலகவதியின் விரல் அனுப்பும் பொத்தானுக்குப் போனது.

“அனுப்பாதம்மா,” என்றார் மாசிலாமணி.

இரண்டு வருஷம் போயிற்று என்று அவருக்குத் தெரிந்தது.

“அந்த இருநூத்திப் பன்னெண்டாவது வரி உன்னோடது இல்ல. உன் நாலாவது வரி விரிஞ்சு வந்தது, நான் எழுதினது.”

திலகவதி திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“அப்போ அதை ஏன் சார் என்கிட்டக் கேக்குது?”