ஒன்பது மணிக்கு எழுந்து போனவர்கள்

போதகர் ஞானதிரவியம் நேசபுரம் சபைக்கு வந்த அன்று ஆராதனையில் எண்பது பேர் இருந்தார்கள். மூன்று வருடம் கழித்து முப்பத்துநாலு பேர்.

பேராயர் கூப்பிட்டு அனுப்பினார்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்போம் போதகரே. அதுக்கப்புறமும் இப்படியே இருந்தா, பக்கத்துச் சபையோட சேர்த்துடலாம். முப்பது பேருக்குத் தனியா ஒரு ஆலயம் எதுக்கு?"

தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு நடுவே நூற்றிருபது வருடமாக நிற்கிற ஆலயம். அதைப் பூட்டுகிற கை தன் கையாகப் போகிறதே என்று ஞானதிரவியம் பேருந்தில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தார். அவருக்கு ஐம்பத்துமூன்று வயது.

அவர் சும்மா இருந்தவர் இல்லை. சென்னையில் சபைப் புதுப்பித்தல் பற்றி நடந்த பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, இருபத்துநாலு பக்கத்தில் ஒரு திட்டம் அச்சடித்தார். கீபோர்டு வந்தது, கிட்டார் வந்தது, சுவரில் பாட்டு வரிகள் தெரிகிற திரை வந்தது. வாலிபருக்கென்று மாலை ஆராதனை ஒன்று தொடங்கவேண்டும் என்றார். சபைச் செயலாளர் பாக்கியசிங் எழுந்து நின்றார்.

"எங்க பாட்டனார் காலத்துலேருந்து காலை எட்டரை மணி ஆராதனைதான் ஐயா. நீங்க வந்து இதையெல்லாம் மாத்தப்போய்த்தான் சனம் குறையுது."

"சனம் குறையறதாலதான் மாத்தச் சொல்றேன்."

இந்த இரண்டு வாக்கியங்களையே இருவரும் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கூட்டமும் அதில் ஆரம்பித்து அதிலேயே முடிந்தது.

ஒரு வியாழக்கிழமை ஞானதிரவியம் வேதமணி அக்காவைப் பார்க்கப் போனார்.

வேதமணி அக்கா ஒரு தொழுநோய் மருத்துவமனையில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானதிரவியத்தைவிட எட்டு வயது மூத்தவர். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அந்த மருத்துவமனையை மூடுவதாக இருந்தார்கள். மூடவிடாமல் நடத்திக் காட்டியவர் அவர். அப்போது அங்கே ஸ்டோர் கிளார்க்காக இருந்த ஞானதிரவியம், ஊழியத்துக்குப் போகிறேன் என்று முதன்முதலில் சொன்னது அவரிடம்தான். இன்றுவரை மனதுக்குள் குரு என்று வைத்திருப்பதும் அவரைத்தான்.

அக்கா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"செத்துக்கிட்டு இருக்கிற சபைய எப்படி அக்கா எழுப்புறது?"

"செத்துக்கிட்டு இருக்குன்னு யார் சொன்னா?"

"காலி பெஞ்சு சொல்லுது."

"வராதவங்களைக் கேட்டியா?"

"வீடு வீடாப் போனேன். 'வந்துடுறோம் ஐயா, எங்களுக்காக ஜெபம் பண்ணிக்குங்க'ங்கறாங்க. காபி குடுக்கறாங்க. ஞாயித்துக்கிழமை வர்றதில்ல."

அச்சடித்த திட்டத்தை நீட்டினார். அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் விடாமல் படித்தார். அதற்குள் வெளியே வெயில் சாய்ந்துவிட்டது.

"நல்லா எழுதியிருக்க."

"ஆனா ஒண்ணும் நடக்கல. நீங்க எப்படி அந்த ஆஸ்பத்திரியத் தூக்கி நிறுத்தினீங்க? அதை எனக்குச் சொல்லுங்க."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஞாயித்துக்கிழமை நான் அங்க வர்றேன்."

ஞானதிரவியத்துக்குப் பல மாதங்களுக்குப் பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது. அக்கா பேசினால் பாக்கியசிங்கும் கேட்பார். அக்கா பேசினால் கல்லும் கேட்கும். மருத்துவமனையை மூட வந்தவர்களிடம் வராந்தாவில் நின்று அவர் பேசியதை இவரே பார்த்திருக்கிறார். இந்த வாரம் பிரசங்கத்துக்கு விருந்தினர் உண்டு என்று சபைக் குழுவில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேதமணி அக்கா வந்தார். பீடத்துக்குப் பக்கத்தில் அவருக்கென்று போட்டிருந்த நாற்காலிக்குப் போகவில்லை. கடைசிப் பெஞ்சில், வாசலுக்குப் பக்கத்தில், ஒல்லியான ஒரு பெண்ணுக்கு அருகே உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண்ணின் பெயர் செல்லத்தங்கம். கம்பெனியில் தீக்குச்சி அடுக்குகிறவள்.

இரண்டாவது பாட்டு முடிந்தது. ஞானதிரவியம் பிரசங்க பீடத்தில் நின்று அக்காவைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார்.

"இப்போ நம்மோட பேசும்படி அக்காவை அழைக்கிறேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, ஆலயத்துச் சுவர்க் கடிகாரம் ஒன்பது காட்டியது. செல்லத்தங்கம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்தபடி எழுந்தாள். அக்காவும் எழுந்தார். எழுந்தவர் முன்னால் வரவில்லை. அந்தப் பெண்ணிடம் மெல்லக் கேட்டார். ஆனால் ஆலயம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"எங்கம்மா போற?"

செல்லத்தங்கத்துக்கு முகம் செத்துப்போயிற்று.

"தண்ணி வரும்மா. ஒம்போதுக்குத் திறப்பாங்க."

"நானும் வரட்டுமா?"

அவள் தலையாட்டினாள். முழங்கால் வலியோடு அக்கா படியிறங்கி அவள் பின்னால் போய்விட்டார்.

ஞானதிரவியம் பீடத்தில் நின்றுகொண்டிருந்தார். முப்பத்துமூன்று பேர் அவரையே பார்த்தார்கள். அக்காவுக்கென்று ஒதுக்கிய அரை மணி நேரம் அவர் முன்னால் வெறுமையாகக் கிடந்தது. கோபம் வந்தது. அதைவிட, கூச்சம் வந்தது.

"உட்கார்ந்திருங்க. வந்துடுறேன்" என்றார். வெள்ளை அங்கியோடு தெருவில் இறங்கினார்.

ஆலயத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, புதிதாகக் கட்டிய மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே குழாய். முழங்கால் உயரத்துக்குப் பச்சையும் நீலமுமாகக் குடங்கள் வளைந்து வளைந்து நின்றன. யார் குடம் முந்தி என்று இரண்டு பெண்கள் ஊர் கேட்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அங்கியைப் பார்த்ததும் சண்டை நின்றது. பெண்கள் சடசடவென்று முந்தானையைத் தலையில் போட்டார்கள்.

ஞானதிரவியம் முகங்களைப் பார்த்தார். ரூத்மலர். கனகபாய். பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்ற எஸ்தர்கனி. இவர் கையால் ஞானஸ்நானம் பெற்ற மூன்று குழந்தைகளின் தாய்மார். ஒரு பக்கம் பிள்ளைகள் குடத்தில் தாளம் தட்டிக்கொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தார். நாற்பதுக்கு மேல் இருந்தார்கள்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க" என்றாள் எஸ்தர்கனி. "அடுத்த வாரம் கண்டிப்பா வந்துடுறோம்."

அக்கா குழாயடித் திண்டில் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார் ஞானதிரவியம். எஸ்தர்கனியே பதில் சொன்னாள்.

"இந்தத் தொட்டி கட்டினதுலேருந்து ஐயா. ரெண்டரை வருஷம் இருக்கும். முந்தி சனிக்கிழமை விட்டாங்க. இப்ப ஞாயித்துக்கிழமை ஒம்போது டு பத்து. அதை விட்டா எட்டு நாளைக்கு இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கனகபாய்தான் சொன்னாள்.

"எப்படி ஐயா சொல்றது? சாமிக்கு முன்னாடி தண்ணியச் சொல்லச் சங்கடமா இருக்காதா? முதல்ல பாதி ஆராதனை இருந்துட்டு எந்திரிச்சுதான் வந்தோம். நீங்க ஒருநாள் பிரசங்கத்துல, நடுவுல எழுந்து போறவங்க தேவனை அவமதிக்கிறாங்கன்னு சொல்லிக் கதவைச் சாத்தச் சொன்னீங்க. அதுக்கப்புறம் பாதியில எந்திரிச்சு வர்றதுக்கு, வராமயே இருக்கலாம்னு நின்னுட்டோம். செல்லத்தங்கம்தான் ஒருத்தி, திட்டு வாங்கினாலும் போயிட்டு வருவா."

அந்த ஞாயிறு அவருக்கு நினைவு வந்தது. கதவைச் சாத்தியதும் பிரசங்கத்தில் நல்ல வேகம் வந்ததும் நினைவு வந்தது. அவர் குடியிருந்த சபை பங்களாவில் போர்வெல் இருந்தது. மோட்டார் போட்டால் தண்ணீர். இந்த மூன்று வருடத்தில் அவர் வீட்டில் யாரும் குடம் தூக்கியதில்லை.

அதற்குள் பாக்கியசிங்கும் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்திருந்தார். அவர் வீட்டிலும் போர்வெல்தான். குடங்களையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். கிட்டாரால்தான் சனம் போனது என்று அவர் எத்தனை கூட்டத்தில் சத்தியம் செய்திருக்கிறார்.

"உங்களுக்கு எப்பத் தோதுப்படும்?" என்று கேட்டார் ஞானதிரவியம்.

"சாயங்காலம்னா நல்லது ஐயா" என்றாள் எஸ்தர்கனி. "தண்ணி பிடிச்சு, துவைச்சு, ஆக்கி இறக்கி முடிச்சா அஞ்சு மணி ஆயிரும். அஞ்சரைன்னா எல்லாரும் வந்துருவோம்."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கே வர்றோம். ஆனா கிட்டார் வேண்டாம் ஐயா. கீர்த்தனை பாடிக்கிறோம்."

பாக்கியசிங் தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று ஞானதிரவியம் எதிர்பார்த்தார். பாட்டனார் காலம் வரப்போகிறது என்று நினைத்தார்.

"அஞ்சரைன்னா முடியறதுக்குள்ள இருட்டிரும்" என்றார் பாக்கியசிங். "வெளி லைட்டு ரெண்டு எரியல. மாத்தச் சொல்றேன்."

அவ்வளவுதான். செல்லத்தங்கத்தின் முறை வந்திருந்தது. பாக்கியசிங் குனிந்து அவள் குடத்தைக் குழாய்க்கு நேராகத் தள்ளிவைத்தார்.

ஞானதிரவியம் ஆலயத்துக்குத் திரும்பினார். காத்திருந்தவர்களுக்கு நடந்ததைச் சொன்னார், பிரசங்கம் செய்யவில்லை. ஆசீர்வாதம் கூறி அனுப்பிவைத்தார். அங்கியின் ஓரமெல்லாம் சேறு.

வேதமணி அக்கா மெதுவாக நடந்து வந்து ஆலயப் படியில் உட்கார்ந்தார். ஞானதிரவியமும் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருவில் பெண்கள் குடங்களோடு போனார்கள். சிலர் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கவேண்டும். உள்ளே ஏதோ உறுத்தியது.

"அக்கா."

"சொல்லு."

"நீங்க படிச்சீங்களே, என் திட்டம். அதுல பதினேழாம் பக்கம் மாலை ஆராதனைதான். மூணு வருஷமா நான் சொன்னதும் இதுதானே? அப்ப யாரும் கேக்கலையே?"

"நீ ஆராதனைய மாத்தணும்னு சொன்ன. அவங்களுக்குத் தண்ணி பிடிக்கணும். அதை நீ இன்னைக்குத்தான் கேட்ட."

ஞானதிரவியம் அங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மூன்று வருடத்துக் கூட்டங்கள், கடிதங்கள், வாக்குவாதங்கள் எல்லாம் ஒரேயடியாக வந்து தோளில் உட்கார்ந்ததுபோல் இருந்தது.

"ரொம்பக் களைச்சுப் போயிட்டேன் அக்கா."

அக்கா முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே தெருவைப் பார்த்தார். செல்லத்தங்கம் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"அவங்களுந்தான் திரவியம். இருந்தாலும் அஞ்சரைக்கு வர்றேன்னு சொல்லியிருக்காங்க."